ஆலைக்குத் திட்டம் உண்டு, அடுப்புக்கு?

2023ஆம் வருஷம் டிசம்பர் 17ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மார்கழி பிறந்த நாள். அன்று காலை தொடங்கி மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் பெய்த மழை 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69. ஸ்ரீவைகுண்டத்தில் 62. ஒரு வருஷம் முழுவதும் பெய்ய வேண்டிய மழையைக் காயல்பட்டினம் ஒரே நாளில் கண்டது.

அதற்குப் பிறகு நடந்ததை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. தாமிரபரணி கரைமீறி ஓடியது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் இடையே நாலுவழிச் சாலை அந்தோணியார்புரத்தில் அறுபட்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், சுமார் 800 பிரயாணிகள் தண்ணீருக்கு நடுவே சிக்கினார்கள். விமானங்கள் ரத்தாயின. தெர்மல் மின்நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்து உற்பத்தி நின்றது. உப்பளங்களில் அம்பாரம் அம்பாரமாகக் குவித்து வைத்திருந்த உப்பு கரைந்து வந்த வழியே கடலுக்குப் போயிற்று.

வெள்ளம் வடிந்ததும் நஷ்டக் கணக்குகள் வெளிவந்தன. ஆலைகளுக்கு இவ்வளவு, உப்பு வியாபாரத்துக்கு இவ்வளவு, சாலைக்கு இவ்வளவு, மின்சாரத்துக்கு இவ்வளவு என்று அதிகாரிகள் எழுதினார்கள். அந்தக் கணக்கில் ஒரு வரி மட்டும் விட்டுப்போயிற்று. ஆலையும் அளமும் துறைமுகமும் நின்ற நாட்களில் அங்கே உழைத்து வந்தவர்களின் கூலி எவ்வளவு போயிற்று? அதை யார் கொடுத்தார்கள்?

இந்தக் கேள்வியை இன்றைக்கு எழுப்பக் காரணம் உண்டு. "தொழில் தொடர்ச்சித் திட்டம்" என்று ஒரு பேச்சு இப்போது முதலாளிகள் கூட்டங்களிலும் சர்க்கார் அலுவலகங்களிலும் அடிபடுகிறது. வெள்ளமோ, புயலோ, தீயோ, நோயோ வந்தாலும் தொழில் நிற்கக் கூடாது. நின்றாலும் இத்தனை மணி நேரத்துக்குள் மறுபடி ஓட வேண்டும். அதற்கு இப்போதே ஏற்பாடு செய்து வைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். 2012ல் இதற்கென்று ஒரு சர்வதேசத் தர விதியே வகுத்துவிட்டார்கள். சில்லாநத்தத்தில் வியட்நாம் கம்பெனியின் மின்சாரக் கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. துறைமுகத்தில் வெளித் துறைமுகம் கட்ட 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். கோடி கோடியாகப் பணம் போடுகிறவன் அடுத்த வெள்ளத்தைப் பற்றிக் கேட்பான், கேட்பதும் சரிதான்.

இதை முதலாளி விவகாரம் என்று ஒதுக்கிவிட்டுப் போக நாம் தயாராயில்லை. ஆலை நின்றால் முதலாளிக்கு லாபம் குறைகிறது. தொழிலாளிக்கு அன்றைக்கே உலை கொதிப்பது நிற்கிறது. தொழில் தொடர்ந்து நடப்பதில் அதிக அக்கறை உள்ளவன் தொழிலாளிதான். ஆகவே திட்டம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இது யாருடைய திட்டம், எதைத் தொடரச் செய்யும் திட்டம் என்றுதான் கேட்கிறோம்.

சுவர் எழுப்பினால் போதுமா?

ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தனக்கென்று ஒரு திட்டம் போட்டுப் பெட்டியில் வைத்துக்கொள்வது வழக்கம். தரையை உயர்த்துவது, சுற்றிச் சுவர் எழுப்புவது, டீசல் ஜெனரேட்டர் வாங்கி வைப்பது, கணக்குகளை வேறு ஊரில் ஒரு பிரதி வைப்பது. எல்லாம் நல்லதே. ஆனால் இது போதாது என்பதை உலகம் பட்டு அறிந்திருக்கிறது.

2011ல் தாய்லாந்தில் வந்த வெள்ளத்தைப் பாருங்கள். அயுத்தயா, பத்தும்தானி பகுதிகளில் 7 தொழிற்பேட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கின. கரை எழுப்பித்தான் வைத்திருந்தார்கள். தண்ணீர் அதற்கு மேல் ஏறியது. கார் உதிரிபாகமும் கம்ப்யூட்டர் பாகமும் அங்கிருந்து வராமல் உலகத்தின் வேறு மூலைகளில் இருந்த ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன. அங்கே முதல் போட்டிருந்த ஜப்பானியர்கள் ஒரு பாடம் கற்றார்கள். ஆலைக்கு ஆலை தனித்தனியே திட்டம் போட்டால் பயனில்லை. சாலை, மின்சாரம், தண்ணீர், துறைமுகம், தொலைபேசி எல்லாருக்கும் பொது. ஆகவே வட்டாரம் முழுவதுக்கும் சேர்த்து ஒரே திட்டம் வேண்டும் என்பது அந்தப் பாடம். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, வியட்நாம் ஆகிய நாடுகளின் தொழில் வட்டாரங்களில் இப்படிப்பட்ட பொதுத் திட்டங்களை ஜப்பானிய உதவியுடன் வகுத்துப் பார்த்தார்கள்.

துறைமுகத்துக்கும் ஒரு பாடம் உண்டு. ஜப்பானின் கோபே துறைமுகம் கண்டெய்னர் சரக்கில் உலகத்தில் 6வது இடத்தில் இருந்தது. 1995 ஜனவரி 17ந் தேதி பூகம்பம் வந்தது. துறைமுகத்தைச் செப்பனிட்டு முடிக்க 2 வருஷம் பிடித்தது. ஆனால் கப்பல்கள் 2 வருஷம் காத்திருக்குமா? கொரியாவின் பூசான் துறைமுகத்துக்குப் போய்விட்டன. போனதில் பெரும்பகுதி திரும்பவில்லை. துறை எழுந்து நின்றது. பழைய இடம் கிடைக்கவில்லை. தூத்துக்குடிக்கு ஒரு பக்கம் கொச்சி, ஒரு பக்கம் சென்னை, எதிரே கொழும்பு, இப்போது விழிஞ்ஞம். சரக்குக்குப் போக இடம் இருக்கிறது. சரக்கை ஏற்றி இறக்குகிற தொழிலாளி எங்கே போவான்?

தண்ணீருக்குக் காம்பவுண்டு கிடையாது

நம் கரையின் நிலைமை என்ன? 1974 ஜூலை 11ந் தேதி பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்ட இந்தத் துறைமுகம் இன்று வருஷத்துக்கு 4 கோடி டன்னுக்கு மேல் சரக்கைக் கையாளுகிறது. அதை ஒட்டி 1,050 மெகாவாட் தெர்மல் மின்நிலையம். அதற்கான நிலக்கரி துறைமுகத்தில் இறங்கி கன்வேயரில் போகிறது. உரம், ரசாயனம், நூல், மீன் பதனிடுதல் என்று ஆலைகள். வேம்பார் தொடங்கி ஆறுமுகநேரி வரை உப்பளங்கள். இந்த ஆலைகளில் பலவற்றுக்கும் ஊருக்கும் தண்ணீர் தாமிரபரணியிலிருந்து வருகிறது.

ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும்? மின்நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்தால் மின்சாரம் போகும். மின்சாரம் போனால் பம்பு நிற்கும். பம்பு நின்றால் குடிதண்ணீர் நிற்கும்; தேங்கிய வெள்ளத்தை இறைக்கவும் வழியில்லை. சாலை அறுந்தால் டீசல் வராது, ஜெனரேட்டரும் நிற்கும். ஆலைக்குள் தரையை 2 அடி உயர்த்தியவனும் அந்தோணியார்புரத்தில் ரோடு அறுந்தபின் வேலைக்கு ஆள் வராமல் கைகட்டித்தான் உட்கார வேண்டும்.

அறுந்த கண்ணிகளின் வேர் எங்கே இருக்கிறது? குளத்திலும் ஓடையிலும் இருக்கிறது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் வடகாலும் தென்காலும் எத்தனையோ குளங்களை நிரப்பிக் கடைசியில் கடலுக்கு வழிவிட வேண்டும். கோரம்பள்ளம் குளத்து உபரித் தண்ணீர் உப்பாற்று ஓடை வழியே அளங்களுக்கு நடுவே கடல் சேர வேண்டும். பட்டணத்து மழைத்தண்ணீர் பக்கிள் ஓடையில் போக வேண்டும். இந்தக் குளங்களைத் தூர் வாராமல், கரையைப் பலப்படுத்தாமல், ஓடைகளில் கட்டடமும் குப்பையும் நிரம்ப விட்டுவிட்டு, ஆலைக்குள்ளே கண்ணாடி அறையில் உட்கார்ந்து தொடர்ச்சித் திட்டம் எழுதுவது, ஓட்டைத் தோணிக்குச் சாயம் பூசுவதற்குச் சமானம். தண்ணீர் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து நடப்பதில்லை. மேட்டில் இருக்கிற கம்பெனி சுவர் எழுப்பினால் அந்தத் தண்ணீர் பள்ளத்தில் இருக்கிற குடிசைக்கும் உப்புப் பாத்திக்கும்தான் போகும்.

விட்டுப்போன வரி

இனி அந்த விட்டுப்போன வரிக்கு வருவோம்.

இயற்கைச் சேதத்தால் வேலை நின்றால் "லே-ஆப்" நஷ்டஈடாகப் பாதிச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டத்தில் இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2020ஆம் வருஷத்துத் தொழில் உறவுத் தொகுப்புச் சட்டத்திலும் அந்தப் பாதிச் சம்பளமே இருக்கிறது. பாதி வயிற்றுக்காவது வழி இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அது யாருக்குக் கிடைக்கும் என்று பாருங்கள். 50 தொழிலாளிகளுக்குக் குறைவான ஸ்தாபனம் என்றால் கிடையாது. பருவத் தொழில் என்றால் கிடையாது. மஸ்டர் ரோலில் பெயர் இல்லை என்றால் கிடையாது. பதிலி ஆள் என்றால் கிடையாது. தினக்கூலிக்கு வந்துபோகிற ஆள் என்றால் கிடையாது.

இப்போது இந்தக் கரையில் நடந்து பாருங்கள். முத்தையாபுரத்திலும் முள்ளக்காட்டிலும் தருவைக்குளத்திலும் விடிவதற்கு முன் எழுந்து அளத்துக்குப் போகிற பெண்கள், வெயிலில் கண் கூச, உப்பில் கால் வெடிக்க உப்பு வாருகிறவர்கள் யார்? பருவத் தொழிலாளிகள். அளங்களில் பல சிறியவை. துறைமுக வாசலில் காலையில் காத்து நிற்கிறவர்கள் யார்? காண்டிராக்ட் ஆட்கள். லாரியில் கிளீனராகப் போகிறவர்கள், கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து கொட்டகையில் தங்கி வேலை பார்க்கிறவர்கள் யார்? இவர்களில் பெரும்பாலோருக்குச் சட்டத்தின் கதவு மூடியிருக்கிறது. வெள்ளம் முதலில் யார் வீட்டுக்குள் நுழைகிறதோ அவர்களுக்குத்தான் நஷ்டஈடு கடைசிவரை நுழைவதில்லை.

உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் கொடுக்கும் திட்டத்தை மாநில சர்க்கார் 2022ல் தொடங்கியது. நீண்ட காலப் போராட்டத்துக்குப் பிறகு வந்தது, வரவேற்கிறோம். ஆனால் கணக்கைப் பாருங்கள். அக்டோபர், நவம்பர், டிசம்பர் 3 மாதங்களுக்கு நாள் 92. ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 54 ரூபாய். இரண்டு வேளைக் கஞ்சிக்கு இது காணுமா? அதுவும் வழக்கமான மழைக்கு. 95 சென்டிமீட்டர் மழைக்கும் குவித்த உப்பு முழுவதும் கரைந்ததற்கும் தனி ஏற்பாடு எங்கே?

2023 டிசம்பர் வெள்ளத்துக்கு மாநில சர்க்கார், கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தது. மத்திய சர்க்கார் என்ன செய்தது? சென்னைப் புயலுக்கும் தென் ஜில்லாக்களின் வெள்ளத்துக்கும் சேர்த்து மாநிலம் கேட்டது 37,907 கோடி ரூபாய். சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன பிறகு, 2024 ஏப்ரலில் தேசியப் பேரிடர் நிதியிலிருந்து விடுவித்தது சுமார் 276 கோடி. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை! துறைமுக வருமானமும் சுங்க வரியும் டில்லிக்கு. வெள்ளம் மட்டும் தூத்துக்குடிக்கு என்றால் இது என்ன நியாயம்?

மழை மட்டுமா?

வேலை நிற்பது மழையால் மட்டுமல்ல. 2018 மே 22ந் தேதி, தாமிர உருக்காலையின் நச்சுக்கு எதிராகக் கலெக்டர் ஆபீசை நோக்கிப் போன ஜனங்கள் மீது போலீசார் சுட்டார்கள். 13 உயிர்கள் போயின. சில நாளில் ஆலை மூடப்பட்டது. காற்றையும் தண்ணீரையும் காப்பாற்ற ஜனங்கள் எழுந்தது நியாயமே. அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆலை மூடியபோது அதை நம்பியிருந்த காண்டிராக்ட் தொழிலாளிக்கும் லாரித் தொழிலாளிக்கும் மறுநாள் வேலைக்கு எந்த ஏற்பாடும் இல்லை. பக்கத்துக் கிராமத்தின் மூச்சைக் கணக்கில் வைக்காத தொழிலுக்குத் தொடர்ச்சி கிடையாது என்பது ஒரு பாடம். மூடுகிறவர்கள் தொழிலாளியைக் கணக்கில் வைப்பதில்லை என்பது இன்னொரு பாடம். இரண்டும் சேர்ந்ததுதான் முழு உண்மை.

இந்தக் கரைக்கு இது புதிதல்ல. முத்துக்குளிப்பின் கதையை நினைத்துப் பாருங்கள். சலாபம் நடத்துவதற்கு முன் சர்க்கார் ஆட்கள் கடலுக்குப் போய்ப் பார்களைச் சோதிப்பார்கள். சிப்பி முற்றியிருக்கிறதா, எத்தனை தேறும், என்ன விலை போகும் என்று எண்ணிப் பார்ப்பார்கள். சிப்பி இல்லை என்றால் சலாபம் இல்லை. சில சமயம் பல வருஷங்கள் தொடர்ந்து இருக்காது. அத்தனை நுணுக்கமாகச் சிப்பியை எண்ணியவர்கள், சலாபம் இல்லாத வருஷத்தில் குளியாளி என்ன சாப்பிடுவான் என்று எண்ணவில்லை. 1961க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஊருக்கு முத்து நகர் என்ற பெயர் மட்டும் மிச்சம். மூச்சை அடக்கி அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவர்களின் பிள்ளைகள் சங்கு குளிக்கவும் வலை இழுக்கவும் போனார்கள்.

ஆனால் அந்தப் பிள்ளைகள்தான் 2023 டிசம்பரில் என்ன செய்தார்கள்? வள்ளங்களையும் பைபர் படகுகளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, தெருக்களிலும் வயல்களிலும் படகு ஓட்டி, மாடியில் தவித்த ஜனங்களை மீட்டார்கள். யாரும் அவர்களுக்குத் திட்டம் எழுதிக் கொடுக்கவில்லை. எந்தத் தெருவில் எவ்வளவு ஆழம், எங்கே இழுப்பு, எந்த வீட்டில் கிழவி தனியாக இருக்கிறாள் என்பது ஊரில் வாழ்கிறவனுக்குத் தெரியும். எந்த வால்வு அடைக்கும், எந்தக் கேபிள் பள்ளத்தில் கிடக்கிறது, எந்த மதகு தூக்க வராது என்பது அங்கே வேலை பார்க்கிறவனுக்குத் தெரியும். இந்த அறிவை வெளியே நிறுத்திவிட்டுப் போடுகிற திட்டம் காகிதத்தில்தான் ஓடும்.

இதற்கு இடம் இல்லாமலும் இல்லை. 1984ல் போபாலில் விஷவாயு ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடித்த பிறகு 1987ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆபத்துக் காலத் திட்டம் வகுத்துத் தொழிலாளிக்கும் சுற்றியுள்ள ஜனங்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்றார்கள். 1996ல் ரசாயன விபத்துகளுக்கென்று விதி வந்தது. கலெக்டர் தலைமையில் ஜில்லாக் குழு. அதில் தொழிற்சங்கப் பிரதிநிதிக்கும் இடம். 2005ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. ஜில்லாத் திட்டம் கட்டாயம் என்றது. அமோனியாவும் குளோரினும் அமிலமும் சேமித்து வைத்திருக்கிற இந்தக் கரையில், உங்கள் ஆலையின் ஆபத்துக் காலத் திட்டத்தில் உங்கள் வேலை என்ன என்று வாயிலில் நிற்கிற 10 காண்டிராக்ட் தொழிலாளிகளைக் கேட்டுப் பாருங்கள். எத்தனை பேர் பதில் சொல்வார்கள்?

இங்கே நம்மையும் நாம் சோதித்துக்கொள்ள வேண்டும். போனசுக்கும் பஞ்சப்படிக்கும் போராடிய அளவுக்கு இந்த விஷயத்தில் தொழிற்சங்கங்கள் முனைப்புக் காட்டவில்லை. வெள்ளம் வந்தால் நிவாரணம் கேட்டோம். வெள்ளம் வருமுன் திட்டத்தைக் கேட்கவில்லை. நிரந்தரத் தொழிலாளியின் சங்கம் காண்டிராக்ட் தொழிலாளியின் நின்றுபோன கூலியைத் தன் கோரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தக் குறையை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை, திருத்திக்கொள்ளாமலிருந்தால்தான் வெட்கம்.

நமது கோரிக்கைகள்

1. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து துறைமுகம் வரை, வேம்பாரிலிருந்து திருச்செந்தூர் வரை, வட்டாரம் முழுவதுக்கும் ஒரே தொடர்ச்சித் திட்டம் வகுக்க வேண்டும். துறைமுகம், ஆலை, உப்பளம், லாரி, மீனவர் சங்கங்களும் ஊராட்சிகளும் அதில் முழு உறுப்பினராக இருக்க வேண்டும். திட்டம் தமிழில் அச்சாகி எல்லார் கைக்கும் கிடைக்க வேண்டும்.

2. ஒவ்வொரு வருஷமும் ஐப்பசிக்கு முன் குளக்கரைகள், மதகுகள், உப்பாற்று ஓடை, பக்கிள் ஓடை ஆகியவற்றைச் செப்பனிட்டு, என்ன வேலை நடந்தது என்று ஜனங்கள் முன் கணக்குக் காட்ட வேண்டும். ஓடைக் கரையில் வாழும் ஏழைகளுக்கு மாற்று இடம் கொடுத்துவிட்டுத்தான் ஓடையை அகலப்படுத்த வேண்டும்.

3. இயற்கைச் சேதத்தால் வேலை நிற்கிற நாட்களுக்கு முழுக் கூலி. காண்டிராக்ட், பதிலி, தினக்கூலி, பருவத் தொழிலாளி என்ற பேதமில்லாமல் கொடுக்க வேண்டும். இதற்கு ஆலைகளும் துறைமுக நிர்வாகமும் மத்திய, மாநில சர்க்கார்களும் பங்கு போட்டு ஒரு நிதி ஏற்படுத்த வேண்டும். ஒரு வாரத்துக்குள் பணம் கைக்கு வர வேண்டும்.

4. உப்பளத் தொழிலாளரின் மழைக்கால நிவாரணத்தை வாழ்க்கைச் செலவுக்குத் தக்கபடி உயர்த்த வேண்டும்.

5. ஆபத்து எச்சரிக்கை விடப்பட்ட நாளில் வேலைக்கு வராதவன் மீது நடவடிக்கை கூடாது. ஆலையைக் காப்பாற்றத் தங்க வைக்கப்படுகிறவர்களுக்குப் படகு, உணவு, இரட்டைச் சம்பளம், இன்ஷூரன்ஸ் உறுதி செய்யப்பட வேண்டும்.

6. வருஷத்துக்கு ஒரு முறையாவது சம்பளத்துடன் ஒத்திகை நடத்த வேண்டும். வெளி மாநிலத் தொழிலாளிக்கு அவன் மொழியில் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இவை நடவாத காரியங்களா? மீன்பிடித் தடைக்காலத்தைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போவதில்லை. அந்த நாட்களுக்கு நிவாரணம் உண்டு. அது போதாது, ஆனால், வேலை நிற்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் கூலிக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்வது கடமை என்ற கொள்கை அங்கே ஏற்கப்பட்டுவிட்டது. மழையும் முன்கூட்டியே தெரிந்ததுதான். ஐப்பசியும் கார்த்திகையும் ஒவ்வொரு வருஷமும் வருகின்றன.

1908 பிப்ரவரியில் இதே தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். அன்று தொழிலாளி கேட்டது கூலி உயர்வும் ஓய்வு நாளும். அவன் கேட்காமல் அவை வந்திருக்குமா? இன்று கேட்க வேண்டியது இதுதான். அடுத்த வெள்ளத்துக்கு ஆலை எத்தனை மணி நேரத்தில் ஓடும் என்று எழுதுகிற காகிதத்தில், அளத்துக்குப் போகிற பெண்ணின் அடுப்பு எத்தனை மணி நேரத்தில் எரியும் என்றும் எழுதப்பட வேண்டும்.

ஆலை வாயிலிலும், அளத்து மேட்டிலும், துறைமுக வாசலிலும், கடற்கரைக் குப்பத்திலும் இந்தக் கோரிக்கைகளைப் பேசுங்கள். கையெழுத்துத் திரட்டிக் கலெக்டரிடம் மகஜர் கொடுங்கள். உங்கள் பகுதியில் உடைந்த மதகு எது, அடைபட்ட ஓடை எது, கூலி வராத நாள் எத்தனை என்று எழுதி அனுப்புங்கள். அந்த விவரங்களைத் திரட்டி இந்த வட்டாரத்தின் திட்டத்தை முதலில் நாமே எழுதத் தொடங்குவோம். வானம் கறுத்த பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும்.